காலரைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகாது

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். வார இறுதிகளில் செஸ்ட்நட், புக்கிட் தீமா தடங்களில் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். அண்மையில் செகண்ட் ஹேண்டில் 150 மி.மீ. ட்ராவல் (பின்சக்கரம் மேலெழும்பக்கூடிய தூரம்) உள்ள வண்டி ஒன்று வாங்கினேன். பின்னால் காயில் ஷாக் (சுருள் ஸ்பிரிங் வைத்த ஷாக் அப்சார்பர்), அளவு 230×60, அதாவது நீளம் 230 மி.மீ., ஸ்ட்ரோக் எனும் அமுங்கும் தூரம் 60 மி.மீ. ஸ்பிரிங்கில் 350×65 என்று அச்சடித்திருக்கிறது. ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்து என் எடை 86 கிலோ. ஏறி உட்கார்ந்தால் ரொம்ப அமுங்கியது. ஸ்பிரிங்கை இறுக்கும் வளையமான காலரைத் திருகித் திருகி சேக்கை 17 மி.மீ.க்குக் கொண்டுவந்துவிட்டேன், ஸ்பிரிங் இப்போது 5 மி.மீ. இறுகி நிற்கிறது. ஆனாலும் வேர்கள் மேல் போனால் உதைக்கிறது, மேட்டிலிருந்து குதித்து இறங்கும் சின்ன ட்ராப்பில்கூட 'டங்' என்று முட்டுகிறது. ஷாக் போய்விட்டதா?

பதில்: ஷாக் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்பிரிங்தான் உங்களுக்கானது இல்லை. வேறொருவர் எடைக்குத் தைத்த சட்டையை பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்.

சேக் என்பது, நீங்கள் ஏறியதும் ஷாக் தானாக அமுங்கும் அளவு. 60 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 17 மி.மீ. என்றால் 28 சதவீதம். இந்த மாதிரி வண்டிக்கு 28 முதல் 30 வரை வைப்பார்கள் என்பதால் அளவு சரியாகத்தான் தெரிகிறது. சிக்கலே அங்கேதான். சேக் சரியாக வந்தால் ஸ்பிரிங்கும் சரி என்று நினைத்துவிடுகிறோம். நானும் என் முதல் காயில் வண்டியில் ஒரு வருடம் இப்படித்தான் காலரைத் திருகிக்கொண்டு திரிந்தேன்.

350 என்பது அந்த ஸ்பிரிங்கை 1 அங்குலம் அமுக்கத் தேவையான விசை, பவுண்டில். காலரை எத்தனை சுற்று சுற்றினாலும் அது 350தான், மாறாது. காலரால் இறுக்குவதற்குப் பெயர் ப்ரீலோட். அது செய்வது ஒன்றே ஒன்று: ஷாக் அசையத் தொடங்கும் முன்பே ஸ்பிரிங்கில் கொஞ்சம் விசையை ஏற்றி வைப்பது. உங்கள் 5 மி.மீ.க்கு அது கிட்டத்தட்ட 69 பவுண்ட். 150 மி.மீ. ட்ராவலை 60 மி.மீ. ஸ்ட்ரோக்கால் வகுத்தால் லீவரேஜ் விகிதம் 2.5, அதாவது சக்கரத்தில் ஏறும் எடை ஷாக்கில் 2.5 மடங்காக விழும். ஆக, வேரைத் தாண்டி முழுதாக நீண்டுவிட்ட சக்கரம் திரும்ப மடங்குவதற்கு முதலில் 12 கிலோவுக்கு மேல் எடை ஏற வேண்டும். அதுவரை அது சஸ்பென்ஷனே இல்லாத வண்டி மாதிரிதான். நீங்கள் சொல்லும் உதை பெரும்பாலும் இதுதான்.

அந்த 'டங்' சத்தத்துக்கு வருவோம். 65 என்பது ஸ்பிரிங் அமுங்கக்கூடிய அளவு. ஷாக்கின் ஸ்ட்ரோக் 60, நீங்கள் ஏற்கெனவே இறுக்கியது 5. கூட்டினால் சரியாக 65, எல்லையிலேயே நிற்கிறீர்கள். ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியில் இருக்கும் ரப்பர் பம்பரில் மெத்தென்று உட்காருவதற்குப் பதிலாக, ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று மோதும் நிலை இது. ரப்பர் முட்டினால் மந்தமாக 'தொம்' என்று கேட்கும். உலோகச் சத்தம் கேட்டால் சந்தேகப்படுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இன்றைக்கே காலரைத் தளர்த்திவிடுங்கள். புது ஸ்பிரிங் வரும்வரை வண்டி தொய்வாக இருந்தாலும் பரவாயில்லை, ட்ராப் பக்கம் போகாமல் ஓட்டுங்கள்.

சரி, எந்த ஸ்பிரிங் வேண்டும்? ஓட்டுபவர் எடையில் சுமார் 65 சதவீதம் பின்சக்கரத்தில் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 86 கிலோ என்பது 190 பவுண்ட்; அதில் 65 சதவீதம் 123. அதை 2.5ஆல் பெருக்கினால் ஷாக்கில் விழுவது 308 பவுண்ட். 30 சதவீத சேக் என்றால் 18 மி.மீ., அதாவது 0.71 அங்குலம். 308ஐ 0.71ஆல் வகுத்தால் 434 வரும். கடையில் 434 கிடைக்காது. சாதாரண எஃகு ஸ்பிரிங்குகள் 50 பவுண்ட் இடைவெளியில் வரும். ஃபாக்ஸின் எஸ்எல்எஸ் மாதிரி எடை குறைந்த ரகங்கள் 25 இடைவெளியில் கிடைக்கும். 425 கிடைத்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் 450.

425 போட்டு 1 மி.மீ. மட்டும் இறுக்கினால் சேக் இப்போதுள்ள அதே 17 மி.மீ. பக்கம்தான் நிற்கும். ஆனால் சக்கரம் அசைய வேண்டிய தொடக்க எடை 12 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு இறங்கிவிடும். கடைசி மில்லிமீட்டரில் ஸ்பிரிங் தரும் எதிர்ப்போ 896 பவுண்டிலிருந்து 1,020 பவுண்டுக்கு ஏறும். தொடக்கத்தில் மென்மை, முடிவில் உறுதி. காலரால் இந்த இரண்டையும் ஒருசேரக் கொண்டுவரவே முடியாது.

வாங்கும் முன் உள்விட்டத்தையும் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி உள்விட்டம் மாறும். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்கூட ஷாக்கின் உடம்பில் உரசிப் பெயின்ட்டைத் தின்றுவிடும். அப்புறம், உங்கள் ஃபிரேமுக்குக் காயில் ஷாக் அனுமதி உண்டா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். முந்தைய உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கலாம். ஷாக்கை நீளமான இணைப்புத் துண்டு வழியாகப் பிடித்திருக்கும் சில ஃபிரேம்களில், பக்கவாட்டு விசையால் ஷாக்கின் தண்டே வளைந்துவிடும்.

மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. காலரை முழுதாகத் தளர்த்தி, ஷாக்கைக் கழற்றி, கீழே உள்ள தட்டை உருவினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். புதியதைப் போட்டு, ஸ்பிரிங் கையால் ஆட்டினால் ஆடாத இடம்வரை காலரை இறுக்கி, அதன்மேல் ஒரு சுற்று. பெரும்பாலான ஷாக்குகளுக்கு இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டிச் சுற்றாதீர்கள். கையால் சுற்ற முடியவில்லை என்றால் அளவுக்கு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ஸ்பானர்) ஃபிரேம் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள்.

காற்று ஷாக்கில் இருப்பதுபோல சேக் பார்க்க ஓ-ரிங் இதில் பெரும்பாலும் இருக்காது. ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் லீவரைத் திறந்து வையுங்கள். ஒரு நண்பரைக் கூப்பிட்டு இரண்டு போல்ட்டுகளின் மையத்துக்கு இடையே டேப் பிடிக்கச் சொல்லுங்கள். வெறும் வண்டியில் 230. முழு உடுப்போடு, இரண்டு பெடலிலும் கால் வைத்து, சுவரைத் தொட்டபடி உட்கார்ந்தால் 212, 213 வர வேண்டும். ஒருமுறை உட்கார்ந்தும் அடுத்தமுறை நின்றும் அளந்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஸ்பிரிங் கெட்டியானால் அது திரும்பி வரும் வேகமும் கூடும். ஆகவே அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை இப்போதிருப்பதைவிட ஒன்றிரண்டு கிளிக் மூட வேண்டிவரும். உட்கார்ந்தபடியே ஒரு நடைபாதை விளிம்பிலிருந்து மெதுவாக இறங்கிப் பாருங்கள். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கினால் போதும். இரண்டு மூன்று முறை ஆடினால் மூடுங்கள். எழவே சோம்பினால் திறங்கள். அப்படியே விட்டால் வரிசையாக வேர்கள் வரும் இடத்தில் ஷாக் நீள நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போய்விடும். கம்ப்ரெஷனை முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம்.

ஷாக்கின் வேகத்தை எண்ணெயால் அடக்கும் பகுதியான டாம்பர் மேல் சந்தேகம் போகவில்லை என்றால் ரீபவுண்டை முழுதாக மூடி ஒருமுறை, முழுதாகத் திறந்து ஒருமுறை இருக்கையை அழுத்தி விடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாவிட்டாலோ, தண்டில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, அமுக்கும்போது சளக் சளக் என்றாலோ சர்வீஸுக்குக் கொடுங்கள்.

பழைய 350ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், உங்கள் வண்டியில் அது 70 கிலோ ஆளுக்கான ஸ்பிரிங். விற்றவரை நினைவிருக்கிறதா? ஒல்லியானவராகத்தான் இருந்திருப்பார்.