கேட்டவரையும் திருப்பிக் கேளுங்கள்

வணக்கம் ரீச்சர்,

நான் முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் ஏழு பேர் சனி, ஞாயிறு பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் கூடி ஆங்கிலம் கதைத்துப் பழகுகிறோம். எங்களில் ஓர் அக்காவுக்கு லண்டனில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இரண்டு பேர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறார்கள். மற்றவர்கள் வேலைக்கு உதவும் என்று வருகிறோம். இணையத்தில் கிடைத்த கேள்வித் தாள்களை அச்செடுத்து வைத்திருக்கிறோம். பொழுதுபோக்கு, தினசரிப் பழக்கங்கள், குடும்பம், டேட்டிங் என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு தாள். ஒருவர் தாளைப் பார்த்துக் கேட்பார், மற்றவர்கள் வரிசையாகப் பதில் சொல்வோம்.

பொழுதுபோக்குத் தாள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லோரும் 'ரீடிங் புக்ஸ்', 'லிஸினிங் டு சோங்ஸ்' என்றோம். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. டேட்டிங் தாளை எடுத்த அன்று முதலில் சிரித்தோம், பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தாளை ஒரு பிள்ளையின் அம்மா வீட்டில் கண்டுவிட்டார். அவள் இப்போது வருவதில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா? எங்கள் உச்சரிப்பும் சரியில்லை என்று பயமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை நீங்கள் வந்து எங்களோடு கதைப்பீர்களா?

— ஒரு வாசகி, முள்ளியவளை

அன்புள்ள பிள்ளைக்கு,

தாளைக் கிழிக்க வேண்டாம். கொஞ்ச நாளைக்கு மடித்து வையுங்கள். உங்கள் சிக்கல் டேட்டிங் தாளில் தொடங்கவில்லை, பொழுதுபோக்குத் தாளிலேயே தொடங்கிவிட்டது. ஏழு பேருக்கும் சேர்த்து இரண்டே விடை என்றால் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். அதற்குக் காரணம் ஆங்கிலம் போதாமை என்று நீர் நினைக்கிறீர். நான் அப்படி நினைக்கவில்லை. "ஒருவர் கேட்பார், மற்றவர்கள் வரிசையாகப் பதில் சொல்வோம்" என்று எழுதியிருக்கிறீரே, அந்த வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

வன்னியில் கேள்வி என்பது எப்படி வந்தது என்று யோசித்துப் பாரும். யுத்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பெயர் என்ன, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், யார் வீட்டில் தங்குவாய். 2009 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பதிவு. ஊர் திரும்பிய பிறகு நிவாரணப் பதிவு, வீட்டுத்திட்டப் பதிவு, ஒவ்வொரு அரச சார்பற்ற நிறுவனத்துக்கும் ஒரு கணக்கெடுப்பு. கேட்பவர் கதிரையில் இருப்பார், பதில் சொல்பவர் நிற்பார். கேட்டதற்கு மட்டும் பதில். மேலதிகமாக ஒரு சொல் சொன்னாலும் அதிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கும். கேட்டவரைத் திருப்பிக் கேட்பதை ஒருவரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். குறைவாகச் சொல்வதைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகப் பழக்கினார்கள், அது அந்தக் காலத்துக்குச் சரியாகவும் இருந்தது. நீர் அப்போது சிறு பிள்ளை. ஆனாலும் வீட்டில் இருந்து அது உமக்கும் வந்திருக்கும்.

பள்ளிக்கூடம் அதை மாற்றவில்லை. தரம் 3 இல் தொடங்கித் தரம் 11 வரை ஆங்கிலம் படிக்கிறோம், கடைசியில் சாதாரண தரத்தில் தாளில் எழுதிவிட்டு வருகிறோம். அங்கும் கேள்வி மேலிருந்து வரும், விடை கீழிருந்து போகும். இப்போது அதே முறையைச் சனசமூக நிலையத்துக்கும் கொண்டுவந்து, நீங்களே ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே ஒரு விதி மட்டும் வையுங்கள். கேட்பவர் தன் கேள்விக்குத் தானே முதலில் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்பவர் பதிலோடு ஒரு சின்ன விவரமும் சேர்த்துச் சொல்லி, 'வட் அபவுட் யூ?' என்று வேறொருவரைக் கேட்க வேண்டும். தான் சொல்லக் கூசுகிற எதையும் இன்னொருவரிடம் கேட்கக் கூடாது. இந்த விதி இருந்தாலே டேட்டிங் தாளில் பாதிக் கேள்விகள் தாமாக உதிர்ந்துவிடும்.

பொழுதுபோக்குக்கு வருவோம். ஆங்கிலத்தில் அதைக் கேட்பவருக்கு உமது பொழுதுபோக்கின் பெயர் முக்கியமில்லை. கதையைத் தொடர ஒரு நுனி வேண்டும், அவ்வளவுதான். 'ரீடிங் புக்ஸ்' என்ற விடையில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. உங்கள் குழுவில் ஒரு தம்பி 'ஐ கோ ஃபிஷிங் வித் மை அங்கிள்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். எங்கே? தண்ணிமுறிப்புக் குளத்தில். எப்போது? வயல் வேலை இல்லாத நாள்களில். தூண்டிலா, வலையா? விரால் கிடைத்தால் குழம்பா, பொரியலா? வீட்டில் யார் வெட்டுவது? இவ்வளவும் சின்னச் சின்னச் சொற்களிலேயே கேட்கவும் சொல்லவும் முடியும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருடா வருடம் நடந்து போகிறவர் உங்களில் இருப்பார். கடல் நீரில் விளக்கெரியும் கதையை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினால் அரை மணித்தியாலம் போதாது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றதும் தேங்காய் உடைக்க இறங்குகிறவரா, கச்சான் வாங்க இறங்குகிறவரா நீர்? இதையும் ஒரு கேள்வியாக எழுதி வையும். அதற்குள் எவ்வளவு குணம் தெரியும் என்று பாரும்.

உண்மையிலேயே வாசிக்கிறவர் இருந்தால், எதை, எங்கிருந்து, எந்தப் பக்கத்தில் தொடங்கி என்று சொல்லட்டும். நான் பத்திரிகையை மரண அறிவித்தல் பக்கத்தில் இருந்துதான் தொடங்குகிறேன். என் வயதில் அதுவும் ஒரு பொழுதுபோக்கு.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிற இருவருக்கும் ஒரு தகவல். அந்தப் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதல் நான்கைந்து நிமிடம் வீடு, குடும்பம், படிப்பு, வேலை, விருப்பங்கள். பிறகு ஓர் அட்டையில் தலைப்புத் தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். கடைசிப் பகுதியில் அந்தத் தலைப்பை ஒட்டிய பொதுவான விடயங்களைப் பரீட்சகர் கேட்பார். தடையின்றித் தொடர்பாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நான்குக்கும் சமமான புள்ளி. உயர்ந்த பொழுதுபோக்குக்குத் தனிப்புள்ளி கிடையாது. கரப்பந்தாட்டம் பற்றிப் பேசுகிறவருக்கும் உலக இலக்கியம் பற்றிப் பேசுகிறவருக்கும் ஒரே அளவுகோல்தான். மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதை மட்டும் பரீட்சகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

லண்டன் போகும் அக்காவுக்கு நான் சொல்லும் விதி இன்னும் அவசியம். பிரித்தானியாவில் இருக்கும் துணையிடம் போகிறவர்கள் ஆங்கிலம் பேசவும் கேட்டு விளங்கவும் தெரியும் என்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2010 நவம்பரில் வந்தது. ஏ1 என்ற முதற்படியில் தொடங்கினார்கள். விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் படி கேட்கிறார்கள் என்பதைப் பிரித்தானிய அரசின் இணையத்தளத்திலேயே பார்க்கச் சொல்லும், தரகரிடம் கேட்க வேண்டாம். இதற்கென்று உள்ள தேர்வுகளில் ஒன்று ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ். அதில் ஒரு பரீட்சகருக்கு முன் இரண்டு பரீட்சார்த்திகள் இருப்பார்கள். பரீட்சகரோடு மட்டுமல்ல, அவர்கள் ஒருவரோடு ஒருவரும் கதைக்க வேண்டும், ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். பதில் மட்டுமே சொல்லிப் பழகியவர் அங்கே பாதித் தேர்வைக் கை விட்டுவிடுவார். இதைச் சொன்னால் அந்த அக்கா உங்கள் ஏழு பேரிலும் அதிகம் கேள்வி கேட்கிறவராக மாறிவிடுவார்.

தினசரிப் பழக்கங்களில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. தமிழில் 'கோயிலுக்குப் போகிறேன்' என்றால் இப்போது போவதும் அடங்கும், வெள்ளிதோறும் போவதும் அடங்கும். அதனால் 'ஐ ஆம் கோயிங் டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே' என்று வந்துவிடுகிறது. பழக்கத்துக்கு 'ஐ கோ' போதும். முன்பு இருந்து இப்போது விட்டுப்போன பழக்கத்துக்கு 'யூஸ்ட் டு' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பழக வன்னியைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டில் அம்மாவையோ மாமாவையோ பிடித்து, மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதைச் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, கிளம்புவதற்கு மட்டும் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டதைச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் 'மை அங்கிள் யூஸ்ட் டு' என்று தொடங்கி அடுத்த சனிக்கிழமை சொல்லுங்கள். எந்த இலக்கணப் புத்தகத்திலும் இப்படி உதாரணம் கிடைக்காது.

குடும்பத் தாள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர். டேட்டிங்குக்குப் பயப்படுகிற நீங்கள் அதைச் சாதாரணமாக எடுத்துவிடுவீர்கள் என்றுதான் எனக்குப் பயம். 'ஹவ் மெனி பிரதர்ஸ் டு யூ ஹாவ்?' என்பது உலகத்தில் மிக எளிய ஆங்கிலக் கேள்வி, முல்லைத்தீவில் அப்படியில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு இருக்கத் தொடங்கிய தாய்மார் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை உங்கள் ஏழு பேருக்குள்ளும் இருக்கலாம். அவள் 'ஹாவ்' (இருக்கிறார்) என்று சொன்னால் அதுதான் சரி, 'ஹாட்' (இருந்தார்) என்று சொன்னாலும் அதுதான் சரி. ஒருவரும் திருத்தக் கூடாது. ஒன்றும் சொல்லாமல் விடவும் அவளுக்கு உரிமை உண்டு. அதற்கான வாக்கியத்தை முதல் நாளே எல்லோரும் பழகிவிடுங்கள்: 'ஐட் ராதர் நொட் டோக் அபவுட் தட்.' இது முகத்தில் அடிக்கிற பேச்சில்லை, ஆங்கிலத்தில் மரியாதையான மறுப்பு. நாளைக்கு வேலைத்தலத்திலும் லண்டன் அயலிலும் உங்களுக்கு அதிகம் உதவப்போவது இந்த ஒரு வரிதான்.

இனி டேட்டிங். மேற்கு நாடுகளில் அது நிச்சயதார்த்தத்துக்கு வெகு முன்னால் உள்ள ஒரு கட்டம். இரண்டு பேர் தனியே சந்தித்து, ஏதாவது சாப்பிட்டு, கதைத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் பிரிந்துவிடுவார்கள். அதில் இரு வீட்டாருக்கும் மானம் போவதில்லை. நம்மிடம் அந்த வேலையைத் தரகரும் சாதகக் குறிப்பும் செய்தன, கோயில் வீதியில் தற்செயலாகப் போலப் பெண் பார்த்ததும் செய்தது. இப்போது வாட்ஸ்அப் செய்கிறது. லண்டன் மாப்பிள்ளை வீடியோவில் வந்து என்ன சாப்பிட்டீர், சமைக்கப் பிடிக்குமா, என்ன படம் பார்ப்பீர் என்று கேட்கிறார். பிள்ளை பதில் சொல்கிறாள். கமராவில் படாத இடத்தில் அம்மா கதிரை போட்டு இருக்கிறார். இதுவும் டேட்டிங்தான் என்று நான் சொன்னால் எந்த அம்மாவும் என்னை வளவுக்குள் விடமாட்டார், ஆனாலும் சொல்கிறேன்.

ஆகவே தலைப்பை விட வேண்டியதில்லை, ஆளை மாற்றினால் போதும். உங்களைப் பற்றிக் கேட்காமல் மற்றவர்களைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் அப்பாவும் அம்மாவும் முதலில் எங்கே கண்டார்கள்? யார் முடிவெடுத்தது? முதல் தொலைபேசி அழைப்பில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? சீதனம் பற்றி யார் கதைப்பது? 'ஆர் யூ சீயிங் எனிவன்?' என்று வேலைத்தலத்தில் ஒருவர் கேட்டால் அது காதலனோ காதலியோ உண்டா என்ற கேள்வி என்பதையும் அறிந்து வையுங்கள். 'ஐம் எங்கேஜ்ட்' என்றோ, நான் மேலே சொன்ன மறுப்பு வரியையோ சொல்லலாம். உங்களுக்குள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்குப் பண்பாட்டைக் காரணமாக இழுக்கமாட்டேன். பின்னேரம் சனசமூக நிலையத்தில் சொன்னது இரவுச் சாப்பாட்டுக்கு முன் வற்றாப்பளை போய்ச் சேர்ந்துவிடும். அதுதான் காரணம்.

நின்றுபோன பிள்ளையைப் பற்றி. தாளை அச்செடுத்தது ஏழு பேர், தண்டனை ஒருத்திக்கு. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 'உமது கனவுச் சந்திப்பு எப்படி இருக்க வேண்டும்' என்ற மாதிரி ஒரு கேள்வியை மட்டும் கண்ட தாய் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? நீங்கள் இரண்டு பெண்கள் பகலில் அந்த வீட்டுக்குப் போங்கள். விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். "அன்ரி, உங்கள் கலியாணம் எப்படிப் பேசி முடித்தது?" என்று கேளுங்கள். பிளேன்ரீ வரும், கதையும் வரும். அதை அவர் மகள் ஆங்கிலத்தில் சொல்லப் போகிறாள் என்று பிறகு சொல்லுங்கள். தலைப்புகளைப் புதிதாக எழுதி அவரிடம் ஒரு பிரதியும் கொடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் அந்தப் பிள்ளையோடு தொலைபேசியில் கதைத்துப் பழகுங்கள், குழுவில் இருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள்.

உச்சரிப்புக்கு நீர் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. கேட்பவருக்கு விளங்கினால் போதும், லண்டன்காரர் மாதிரிப் பேசினால் நம் ஆட்களுக்கே விளங்காது. 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் 'இ' போடாமல் பாருங்கள். உதட்டைப் பல்லில் தொட்டுச் சொல்லும் 'ஃப' ஒலியைக் கொஞ்சம் பழகுங்கள். இல்லையென்றால் கடையில் கோப்பி கேட்டவருக்குக் கொப்பி வரும்.

சனிக்கிழமை வருகிறேன். மாங்குளத்தில் பஸ் மாறி வர வேண்டும், மதியம் கடந்துவிடும். பயணச் செலவு, மாலை, பொன்னாடை ஒன்றும் வேண்டாம். ஆளுக்கு மூன்று கேள்வி எழுதி வையுங்கள், என்னைக் கேட்பதற்கு. நானும் திருப்பிக் கேட்பேன். என் வயதையும் ஓய்வூதியத்தையும் கேட்டால் மட்டும் 'ஐட் ராதர் நொட்' என்பேன்.