ஏழாம் வகுப்புக்கு வீட்டுப் படிப்பு: என்ன வாங்கலாம்?
வணக்கம் சகோதரி. பள்ளியிலேர்ந்து நிறுத்தின உங்க ஏழாம் வகுப்பு மகளுக்கு 40,000 ரூபாய் பாடத்தொகுப்பு வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்போ வேண்டாம். மத்திய அரசோட என்சிஇஆர்டி பாடப் புத்தகங்கள் பிடிஎஃப்பா இலவசமாவே கிடைக்குது. தமிழுக்கு நம்ம சமச்சீர் புத்தகம் போதும்.

கணக்குக்கு மட்டும் ஏழாம் வகுப்புதானேன்னு பார்க்காதீங்க. 3/4 பெரிசா, 5/8 பெரிசான்னு கேட்டு, படம் போட்டுக் காட்டச் சொல்லுங்க. விடையைச் சரியாச் சொல்லிட்டுப் படத்துல திணறினா, ஐந்தாம் வகுப்புப் பின்னத்துலேர்ந்தே ஆரம்பிங்க. அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கான் அகாடமிங்கற இலவச இணையதளத்தோட வீடியோ உதவும். ஆனா நோட்டுல போட்டுப் பார்க்காம அடுத்த வீடியோவுக்கு விடாதீங்க.

அறிவியலுக்கு, எளிய பொருள்கள்ல அறிவியல் பொம்மை செய்யச் சொல்லித்தர்ற அரவிந்த் குப்தாவோட இணையதளம் பாருங்க. ஸ்ட்ரா, தீப்பெட்டி வச்சே செய்யற சோதனைகள் நிறைய இருக்கு.

பத்தாம் வகுப்புத் தேர்வை என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) மூலமா எழுதலாம், 14 வயசு ஆகியிருக்கணும். மாற்றுச் சான்றிதழை இப்பவே கேட்டு வாங்கி வைங்க.