வலைக்கு அந்தப் பக்கம் புலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடும்பத்தோட பெங்களூரு பக்கத்துல பன்னேர்கட்டா சஃபாரி போனோம். பஸ் ஜன்னல் முழுக்க கம்பி வலை. எடுத்த போட்டோ எல்லாத்துலயும் வலை பளிச்சுனு இருக்கு, புலி மங்கலா இருக்கு. என்கிட்ட 55-250 மிமீ ஜூம் லென்ஸ்தான் இருக்கு. பெரிய லென்ஸ் வாங்கணுமா? (ஓசூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம் மேடம், பணத்தை பத்திரமா வைங்க. அந்த லென்ஸ் இந்த வேலைக்கு தாராளமா போதும், சஃபாரில மிருகம் அப்படி ஒண்ணும் தூரத்துல நிக்கறது இல்ல. கேமரா தனக்கு எது பக்கத்துல இருக்கோ அதைத்தான் முதல்ல பிடிக்கும், இங்க வலைதான் பக்கத்துல இருக்கு, அதான் விஷயம். ஃபோகஸை ஆட்டோ ஏரியால விடாம நடுவுல ஒரே பாயிண்ட்னு மாத்திட்டு, அந்த பாயிண்டை வலையோட ஓட்டை வழியா புலி கண்ணுல வைங்க. அப்பவும் வலைக்கே ஓடுச்சுன்னா லென்ஸ்ல இருக்கிற ஸ்விட்சை மேனுவலுக்கு தள்ளிட்டு கையால திருப்புங்க, புலி படுத்திருக்கும்போது அதுக்கு நிறைய நேரம் கிடைக்கும்.

அடுத்து வலையை மறைய வைக்கணும். ஜூமை 250 வரைக்கும் இழுத்து, அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர துளையை, எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்துடுங்க, உங்க லென்ஸ்ல அது எஃப் 5.6. கணக்கு போட்டு பாருங்க, 250ஐ 5.6ஆல வகுத்தா கிட்டத்தட்ட 45 மிமீ அகலத்துக்கு வெளிச்சம் உள்ள வருது, வலைக்கம்பி ரெண்டு மூணு மிமீதான் இருக்கும், அதனால லென்ஸை வலைக்கு ஒட்டினாப்ல வச்சீங்கன்னா கம்பியை சுத்தி வர வெளிச்சமே போதும், கம்பி படத்துல தெரியவே தெரியாது. ஆனா நீங்க சீட்ல சாஞ்சு உட்கார்ந்து ரெண்டடி தள்ளி எடுத்தா வலை திரும்ப வந்துடும். இன்னொண்ணு, வெயில் நேரா வலை மேல அடிச்சா கம்பி மின்னி படம் முழுக்க வெள்ளையா ஒரு புகை மாதிரி படியும், அந்த நேரம் கையாலயோ துப்பட்டாவாலயோ உள்பக்கம் இருந்து கொஞ்சம் நிழல் பண்ணி பாருங்க, இல்லன்னா பஸ் திரும்பற வரைக்கும் பொறுத்துக்குங்க, அது வளைஞ்சு வளைஞ்சுதான் போகும், நிழல் பக்கம் உங்களுக்கும் வரும்.

டிரைவர் வண்டியை நிறுத்தினாலும் என்ஜின் ஓடிட்டுதான் இருக்கும், அந்த அதிர்வு ஜன்னல் சட்டம் முழுக்க இருக்கும், அதனால முழங்கையை அதுல ஊன்றாம உடம்போட ஒட்டி வச்சுக்குங்க. ஷட்டர் வேகம் 1/1000 செகண்ட்ல இருக்கட்டும், ஐஎஸ்ஓ (கேமராவோட வெளிச்ச உணர்திறன்) ஆட்டோல ஏறினா ஏறட்டும். படத்துல கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தா பரவால்ல, ஆடின படத்தை யாராலயும் சரி பண்ண முடியாது.

ஒரே ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், லென்ஸை வலைக்கு ஒட்டி வைங்கன்னுதான் சொன்னேன், வலைக்கு வெளிய விரலோ லென்ஸோ ஒரு நூல்கூட போகக்கூடாது. 2025 ஆகஸ்ட்ல அதே பன்னேர்கட்டால ஜீப்ல போன ஒரு பையனோட கையை சிறுத்தை நகம் கீறிடுச்சு. சிறுத்தை தாவறதை நாம பாத்து கையை இழுக்கறதுக்கெல்லாம் நேரம் இருக்காது.

கேள்வி: இங்கிலாந்துல லாங்லீட் பார்க்குக்கு எங்க கார்லயே போகப் போறோம். கண்ணாடி வழியா எடுத்தா ரிஃப்ளெக்‌ஷன் வரும்னு சொல்றாங்க. சிங்கம் தூரத்துல இருக்கும்போது கண்ணாடியை ஒரு இன்ச் இறக்கிக்கலாமா? (லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இறக்காதீங்க சார். அரை இன்ச் கூட வேண்டாம். 2015ல ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல ஒரு லயன் பார்க்ல, கார் கண்ணாடி திறந்திருந்தப்போ சிங்கம் வந்து ஒரு அமெரிக்க சுற்றுலாப் பயணி இறந்தே போயிட்டாங்க. நீங்க போற லாங்லீட் 1966ல திறந்தது, ஆப்பிரிக்காவுக்கு வெளிய சொந்த கார்லயே சிங்கத்துக்கு நடுவுல போற முதல் பார்க் அதுதான், இத்தனை வருஷமா நடக்குதுன்னா கதவும் கண்ணாடியும் மூடியிருக்கணும்ங்கற அந்த விதியாலதான்.

ரிஃப்ளெக்‌ஷனை கண்ணாடி மூடியே சமாளிச்சுடலாம். கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடியை உள்ளயும் வெளியவும் நல்லா துடைங்க, உள்பக்கத்தை நிறைய பேர் மறந்துடுவாங்க, குழந்தைங்க விரல் தடம் எல்லாம் அங்கதான் இருக்கும். டேஷ்போர்டு மேல இருக்கிற பேப்பர், டிஷ்யூ பாக்ஸ் எல்லாத்தையும் எடுத்துடுங்க. கேமரா பிடிக்கிறவர் கறுப்பு சட்டை போட்டா ரொம்ப நல்லது, வெள்ளை சட்டைதான் கண்ணாடில அப்படியே தெரியும். ரப்பர் லென்ஸ் ஹூட் (லென்ஸ் முனைல மாட்டற வளையம்) ஒண்ணு வாங்கி கண்ணாடில அழுத்தி வைங்க, ரப்பர் அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கும், ஓரத்துல வர வெளிச்சத்தையும் அடைச்சுடும். கண்ணாடிக்கு நேரா எடுங்க, சாய்ச்சு எடுத்தா கண்ணாடியோட தடிமன் கூடி படம் கொழகொழன்னு ஆகும், அதனால மிருகம் ஜன்னலுக்கு நேரா வர மாதிரி வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. அதாவது ஓட்டறவர் வேற, எடுக்கறவர் வேறயா இருக்கணும், இதுல விட்டுக்கொடுக்காதீங்க. போலரைசர் ஃபில்டர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னாடி மாட்டற கண்ணாடி) வச்சிருந்தா கழட்டிடுங்க, கார் பக்கவாட்டு கண்ணாடி டெம்பர்டு கிளாஸ், போலரைசர் வழியா பாத்தா அதுல திட்டுத்திட்டா கோலம் தெரியும், வெளிச்சமும் குறைஞ்சுடும். குளிர்காலத்துல உள்ள நாலு பேர் மூச்சு விட்டாலே கண்ணாடி வேர்த்துடும், ஏசியை போட்டு காத்தை கண்ணாடி பக்கம் திருப்பி விடுங்க.

குரங்கு இருக்கிற பகுதில வைப்பர், ஏரியல் எல்லாம் பிடுங்கும், காரைப் பத்தி கவலைன்னா அந்த பகுதியை சுத்திக்கிட்டு போற வழி இருக்கு. ஆனா போகலாம்னு மனசு சொன்னா போங்க, குரங்கு கண்ணாடி மேலயே வந்து உட்காரும், அவ்வளவு கிட்டத்துல ஒரு குட்டியோட முகம் வேற எங்க கிடைக்கும்!

கேள்வி: என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. வண்டலூர் ஜூவுக்கு போறேன். ஏதாவது தேறுமா? (தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தேறும் தம்பி. வலையைப் பொறுத்தவரை உனக்குதான் வசதி, போன் லென்ஸ் குட்டி, வலை ஓட்டைல அப்படியே பொருந்திடும். போனை ரெண்டு கையால பிடிச்சுக்கோ, ஆட்டோ மேக்ரோ (கிட்ட இருக்கறதை எடுக்க போன் தானா மாறிக்கற வசதி) இருந்தா ஆஃப் பண்ணிடு, இல்லன்னா வலையைப் பாத்ததும் லென்ஸை மாத்திடும். விரலால இழுத்து ஜூம் பண்ணாத, 2எக்ஸ் 3எக்ஸ் லென்ஸ் இருந்தா அதுல எடு, இல்லன்னா மிருகம் மரத்தோட, புல்லோட சேர்ந்து இருக்கிற மாதிரி அகலமா எடு, அதுவும் நல்ல படம்தான். செவ்வாய்க்கிழமை போயிடாத, லீவு. பன்னேர்கட்டாவும் அப்படித்தான்.

கேள்வி: சிங்கம் எப்பவும் தூங்கிக்கிட்டே இருக்கு. பஸ்ல எல்லாரும் விசில் அடிச்சு, பக்கவாட்டுல தட்டி எழுப்பறாங்க. அது திரும்பிப் பாக்கும்போதுதான் போட்டோ வருது. இது தப்பா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தப்புதாங்க, எனக்கு இதுல ரெண்டு கருத்தே கிடையாது. நம்ம பஸ் ஒண்ணுதான் வருதா, நாள் முழுக்க பஸ் வந்துட்டே இருக்கு, ஒவ்வொரு பஸ்லயும் தட்டினா அந்த ஜீவன் என்னைக்கு நிம்மதியா படுக்கும்? சிங்கம் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் வரைக்கும் ஓய்வெடுக்கற மிருகம், அது சோம்பல் இல்ல, அதோட உடம்பே அப்படித்தான். தட்டி எழுப்பின சிங்கத்தோட முகத்தை பெருசு பண்ணி பாருங்க, காது பின்னாடி மடங்கியிருக்கும், கண்ணு சுருங்கியிருக்கும், எரிச்சல் அப்படியே தெரியும். தானா எழுந்திரிக்கற சிங்கம் வேற. முதல்ல தலையைத் தூக்கும், அப்புறம் ஒரு கொட்டாவி, பல்லு நாக்கு எல்லாம் தெரியற பெரிய கொட்டாவி, ஒண்ணு விட்டா பக்கத்துல இருக்கறதும் விடும், அதுக்கப்புறம் முன்னங்காலை நீட்டி முதுகை வளைச்சு எழுந்திரிக்கும். தலை தூக்கினதுமே கேமராவை கண்ணுல வச்சு தயாரா இருங்க. காலைல முதல் டிரிப்ல போங்க, இல்ல மழை பெஞ்சு குளிர்ந்த நாள் போங்க, இதெல்லாம் அப்பதான் கிடைக்கும். பஸ்ல யாராவது தட்டினா தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லுங்க, ஒருத்தர் சொன்னா போதும், முக்கால்வாசி பேர் நிறுத்திடுவாங்க.

கேள்வி: வெள்ளைப்புலி அழுக்கு கலர்ல வருது, கரடி சாம்பல் கலர்ல வருது. ஏன்? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: கேமரா மீட்டர் எதைப் பாத்தாலும் நடுத்தர சாம்பல்னு நினைச்சு வெளிச்சத்தை கணக்கு போடுது. வெள்ளைப்புலி ஃப்ரேமை நிறைச்சா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தோட வெளிச்சத்தை கூட்டிக் குறைக்கற செட்டிங்) பிளஸ் 1 கிட்ட வைங்க, கரடிக்கு மைனஸ் முக்கால் கிட்ட. கரடி நிமிர்ந்து நிக்கும்போது நெஞ்சுல வெள்ளையா ஒரு வளைவு தெரியும் பாருங்க, அது வெளுத்துப் போகாம கோடு கோடா முடி தெரிஞ்சா அளவு சரின்னு அர்த்தம். கரடி பகுதி தாண்டினதும் திரும்ப ஜீரோவுக்கு கொண்டு வந்துடுங்க, இல்லன்னா அடுத்து வர சிங்கம் இருட்டா வந்துடும்.