கோதுமைக்கு அடித்த மருந்தும் மக்காச்சோளத்தின் கணக்கும்: வாசகர் கேள்விகள்

கோதுமை அறுத்த கையோடு தீவன மக்காச்சோளம் விதைக்கும் ஹரியானா, பஞ்சாப் வயல்களைப் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்துள்ளன. பலவும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன: முதல் பயிருக்குச் செய்தது இரண்டாம் பயிரில் வெளிப்படுகிறது.

கேள்வி: கர்னால் அருகே ஒரு பால்பண்ணையை நிர்வகிக்கிறேன். ஏப்ரல் நடுவில் விதைத்த தீவன மக்காச்சோளம் நன்றாக முளைத்தது. இரண்டே வாரத்தில் குன்றி, ஊதா பாய்ந்து நின்றுவிட்டது. மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறை என்று டிஏபி உரம் போட்டோம். பலன் இல்லை. கோதுமைக்கு சல்போசல்ஃபியூரான் தெளித்திருந்தோம்.

உங்கள் கடைசி வரியில்தான் பதில் இருக்கிறது. கோதுமைக்குத் தீங்கு செய்யாத இந்தக் களைக்கொல்லி, மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் எமன். ஹெக்டேருக்கு மூலப்பொருளாக, அதாவது மருந்தில் களையைக் கொல்லும் பகுதியாக, வெறும் 25 கிராம்தான் தெளிக்கிறோம். அதில் மிச்சமிருக்கும் துளியே இளம் வேரை முடக்கப் போதும். அமில மண்ணில் இது விரைவாகச் சிதைந்துவிடும். கர்னால் பகுதியைப் போன்ற காரமண்ணில் சிதைவு மெதுவாக நடப்பதால், ஏப்ரல் வரை தங்கிவிடுகிறது.

ஊதா நிறம் உங்களை ஏமாற்றியதில் வியப்பில்லை. மண்ணில் மணிச்சத்து இருந்தாலும், முடங்கிய வேரால் அதை எடுக்க முடியாது. எனவே இலை பற்றாக்குறையைக் காட்டும். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். பக்கவேர்கள் கட்டையாக, புட்டி கழுவும் பிரஷ்போல் இருந்தால் அது மருந்தின் வேலை. வெறும் மணிச்சத்துக் குறை என்றால் ஊதா முதலில் அடியிலைகளின் விளிம்பில் தொடங்கும்; புதிய குருத்து பச்சையாகவே வரும்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. மீண்டும் டிஏபி போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள். அதே வயலில் மறுபடி மக்காச்சோளமோ சோளமோ விதைப்பதற்கு முன், அந்த மண்ணை ஒரு தொட்டியிலும் மருந்து படாத வரப்போரத்து மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் மக்காச்சோளம் ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் இரண்டும் ஒன்றுபோல் வளர்ந்தால் துணிந்து விதைக்கலாம்.

வரும் ஆண்டு, தீவனத்துக்கென ஒதுக்கும் வயல்களை நவம்பரிலேயே குறித்துவிடுங்கள். அங்கே சல்போசல்ஃபியூரானோ, அது கலந்த கூட்டு மருந்தோ வேண்டாம். கடைக்காரர் சொல்லும் வணிகப் பெயரை நம்பாமல், புட்டியின் மேலுள்ள மூலப்பொருளின் பெயரைப் படித்து வாங்குங்கள். புல்வகைக் களைக்கு ஹெக்டேருக்கு குளோடினாஃபாப் 60 கிராம் அல்லது பினாக்சாடன் 50 கிராம் மூலப்பொருள், விதைத்த 30 முதல் 35 நாளில் தெளிக்கலாம்.

கேள்வி: குளோடினாஃபாப் அடித்தும் மண்டூசி சாகவில்லை. அளவைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். மண்டூசி என்று ஹரியானாவிலும் குல்லி டண்டா என்று பஞ்சாபிலும் சொல்லப்படும் ஃபலாரிஸ் மைனர் என்ற புல்வகைக் களை, இந்தப் பாடத்தை நமக்கு ஒருமுறை கற்பித்துவிட்டது. ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி ஒன்றையே ஆண்டுக்கணக்கில் அடித்ததால், 1990களின் தொடக்கத்தில் அதற்கு அடங்காத மண்டூசி தலையெடுத்தது. கதிர் வரும் முன்பே கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்துப் போட வேண்டிய நிலைக்கு ஹரியானா விவசாயிகள் சிலர் தள்ளப்பட்டார்கள். பிறகு வந்த மருந்துகளில் குளோடினாஃபாப்புக்கும் சல்போசல்ஃபியூரானுக்கும் அடங்காத செடிகளும் இன்று பல வயல்களில் இருக்கின்றன.

முதலில் தெளிப்பைச் சரிபாருங்கள். தட்டை விசிறி நாசில், ஹெக்டேருக்கு 400 முதல் 500 லிட்டர் தண்ணீர், களை இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இருத்தல். இவை மூன்றும் சரியாக இருந்தும் தப்பியிருந்தால், செடிக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் விதைத்த மூன்று நாளுக்குள், ஈர மண்ணில், களை முளைக்கும் முன் தடுக்கும் பெண்டிமெத்தலினை ஹெக்டேருக்கு ஒரு கிலோ மூலப்பொருள் தெளித்துத் தொடங்குங்கள். குளிர் இறங்கும்போதுதான் மண்டூசி அதிகமாக முளைக்கும். அக்டோபர் கடைசியில் விதைத்த கோதுமை அதற்குள் முந்திக்கொள்ளும்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்பும் வழி பெர்சீம் என்ற குளிர்காலத் தீவனப் பயிர். மாடு வைத்திருப்பவருக்கு இது வரம். ஓரிரு குளிர்பருவம் கோதுமைக்குப் பதில் பெர்சீம் போட்டுத் திரும்பத் திரும்ப அறுத்தால், மண்டூசி விதை கட்டவே முடியாது. தப்பி நிற்கும் செடிகளை விதை முற்றுமுன் பிடுங்கிவிடுங்கள். விதையோடு மாட்டுக்குப் போட்டால், அவற்றில் ஒரு பங்கு சாணத்தின் வழியே உயிரோடு வயலுக்குத் திரும்பும். எருவை நன்றாக மக்கவைத்தே போட வேண்டும். கோதுமையிலிருந்து பிரித்தறியத் தண்டின் அடியைக் கிள்ளிப் பாருங்கள். மண்டூசியில் சிவப்புச் சாயல் தெரியும்.

கேள்வி: குளோடினாஃபாப்புடன் 2,4-டி கலந்து ஒரே தெளிப்பாக அடிக்கலாமா?

கூடாது. அகன்ற இலைக் களைகளுக்கான 2,4-டி, புல் மருந்தான குளோடினாஃபாப்பின் வேகத்தைக் குறைத்துவிடும். ஒரு வார இடைவெளி விடுங்கள். தூர் கட்டும் முன் 2,4-டி அடித்தால் கதிர் கோணலாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: லூதியானாவில் படிக்கும் மாணவி நான். கோதுமைக்கு ஏக்கருக்கு 55 கிலோ டிஏபி போட்ட வயலில், தீவன மக்காச்சோளத்துக்கும் மணிச்சத்து வேண்டுமா?

நல்ல கேள்வி. போட்ட மணிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் முதல் பயிர் எடுக்கும். மீதி மண்ணில் பிணைந்து, மெல்ல மெல்ல வெளிவரும். குளிரில் வளரும் கோதுமைக்குத்தான் மணிச்சத்து கிடைப்பது கடினம். அதற்கு முழு அளவு கொடுத்துவிட்டால், வெப்பத்தில் வளரும் மக்காச்சோளம் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே, மண் பரிசோதனையில் நடுத்தரத்துக்கு மேல் இருந்தால் இந்தப் பருவத்தில் விட்டுவிடலாம்.

ஆனால் ஆண்டுதோறும் விட்டுவிட முடியாது. தீவனத்தில் முழுச் செடியும் வயலை விட்டுப் போகிறது. ஹெக்டேருக்குப் பச்சையாக 40 டன் அறுத்தால் உலர் எடை சுமார் 8 டன். அதில் பாஸ்பரஸ் 0.2 சதவீதம் என்று வைத்தாலும் 16 கிலோ வெளியேறும். பி2ஓ5 (உரங்களில் பாஸ்பரஸைக் குறிக்கும் ஆக்சைடு வடிவம்) கணக்கில் அது 37 கிலோ! மண் அறிக்கையில் பெரும்பாலும் பாஸ்பரஸ் என்றும், உர மூட்டையில் பி2ஓ5 என்றும் இருக்கும். முன்னதை 2.29-ஆல் பெருக்கினால் பின்னது. இந்தப் பெருக்கலை மறந்து உரத்தைத் தவறாகக் கணக்கிடுபவர்கள் ஏராளம். சாணம் அதே நிலத்துக்குத் திரும்பினால் இழப்பின் பெரும்பகுதி ஈடாகும்.

களைக்கும் இதில் பங்குண்டு. டிஏபியை மேலாகத் தூவினால், மேல்மண்ணில் முளைக்கும் களைதான் முதலில் உண்ணும். விதைக்கும் கருவியால் வரிசையில், விதைக்குக் கீழே இறக்குங்கள். மணிச்சத்து மிதமிஞ்சினால் துத்தநாகப் பற்றாக்குறை வந்து மக்காச்சோளக் குருத்து வெளுக்கும். அப்போது துத்தநாக சல்பேட்டைத் தனியாகக் கொடுங்கள், டிஏபியுடன் கலக்காமல்.

கேள்வி: வேலைக்கு வரும் பெண்கள் கோதுமை வயலில் பத்துவா கீரையைப் பறித்துப் போகிறார்கள். மருந்தடித்த பிறகு அனுமதிக்கலாமா?

அனுமதிக்கவே கூடாது. பத்துவா, நம் சக்கரவர்த்திக் கீரைதான். ஏழை வீட்டுக் குளிர்காலக் கறி. மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லி, அதற்கு முன் பறிக்க விடுங்கள். பிறகு வயலில் கொடி நடுங்கள். மருந்து படாத ஓரத்தில் ஒரு பாத்தியை அவர்களுக்கென்று விட்டுவைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: தீவன மக்காச்சோளத்தில் சாரணைக் களை அடைத்துக்கொள்கிறது. அட்ரசின் களைக்கொல்லி போதுமா?

தனிப்பயிருக்குப் போதும். விதைத்த இரண்டு நாளுக்குள், ஈர மண்ணில், மண்ணின் தன்மைக்கேற்ப ஹெக்டேருக்கு அரை முதல் ஒரு கிலோ மூலப்பொருள். ஹெக்டேருக்கு 75 கிலோ விதையை 30 செ.மீ. வரிசையில் போட்டால், பயிரே விரைவில் நிழலிட்டு மீதியை அடக்கும். தட்டைப்பயறு ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் அதைக் கொன்றுவிடும். அங்கே பெண்டிமெத்தலின் 750 கிராம் தெளியுங்கள்.