ஸ்டென்ட் வைத்த பிறகும் எக்கோ எதற்கு?

"மாரடைப்பு வந்து அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டென்ட் என்ற வலைக்குழல் சரிசெய்தது இதயத்துக்கு ரத்தம் தரும் குழாயைத்தான். இதயத் தசை எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதைப் பார்க்கத்தான் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ரத்தம் கிடைக்காமல் தவித்த தசையில் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிடும். இன்னொரு பகுதி உயிரோடுதான் இருக்கும், ஆனால் மரத்துப்போய்ச் சுருங்காது. அது தெளியச் சில வாரம் ஆகும். நெடுநாள் அடைப்பில் பட்டினி கிடந்த தசைக்கு மாதக்கணக்கும் ஆகலாம். அதற்குத்தான் அந்த மூன்று மாதம்.

ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று ஓர் எண் இருக்கும். இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. 55க்கு மேல் என்றால் நல்லது. 35ஐத் தாண்டவே இல்லை என்றால் ஐசிடி கருவி (ஆபத்தாகத் தாறுமாறாகும் துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது) பொருத்தும் பேச்சு வரும். 40 என்பது 43 ஆனதற்கெல்லாம் இனிப்பு வாங்க வேண்டாம். எக்கோ எடுப்பவர் மாறினாலே அவ்வளவு மாறும். இதயத்தின் எந்தச் சுவர் அசையவில்லை என்று எழுதியிருக்கும் வரிதான் எனக்கு முக்கியமாகப் படும்.

எக்கோவில் தெளிவில்லை என்றால் எம்ஆர்ஐ. கடோலினியம் என்ற சாயமருந்தை நரம்பில் ஏற்றி எடுத்தால் தழும்பு வெள்ளையாகத் தெரியும். சுவரின் கனத்தில் பாதிக்கு மேல் வெள்ளை என்றால் அந்த இடம் மீள்வது அரிது.