டிரெஞ்ச் டையோராமாவில் சேறு வெடிக்கிறதா? முதலில் அது எந்த ஊர்ச் சேறு என்று முடிவு பண்ணுங்கள்

கேள்வி: 1/35 அளவில் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) முதல் உலகப்போர் பிரிட்டிஷ் வீரர்கள் நான்கு பேர் உள்ள கிட் வாங்கியிருக்கிறேன். எல்லாருக்கும் இரும்புத் தொப்பி, இரண்டு பேர் நெஞ்சில் சதுரமாக ஒரு பை. இவர்களை 1914 கிறிஸ்துமஸ் சமயத்து டிரெஞ்சில், அதாவது பதுங்குகுழியில், நிறுத்தி ஒரு டையோராமா (குட்டிக் காட்சி மாடல்) செய்ய ஆசை. ஏ4 அளவு பிளைவுட்டில் தெர்மாகோல் ஒட்டி, சலித்த களிமண்ணை ஃபெவிகாலில் குழைத்துப் பூசினேன். இரண்டே நாளில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அதன் மேல் பிரவுன் அடித்தால் சாக்லேட் கேக் மாதிரி இருக்கிறது. முள்கம்பி வேலிக்கும் இடம் போதவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வெடிப்புக்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தத் தொப்பியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் மண்ணின் நிறம் உட்பட எல்லாமே அதில்தான் தொடங்குகிறது.

1914 டிசம்பரில் எந்த பிரிட்டிஷ் வீரன் தலையிலும் இரும்புத் தொப்பி கிடையாது, துணித் தொப்பிதான். நீங்கள் வைத்திருக்கும் அந்தத் தட்டையான பிரோடி தொப்பி 1915 இலையுதிர் காலத்தில்தான் முன்னணிக்கு வர ஆரம்பித்தது, 1916 கோடையில்தான் கிட்டத்தட்ட எல்லார் தலையிலும் ஏறியது. நெஞ்சில் தொங்கும் சதுரப் பை இன்னும் பின்னால் வந்தது. அது விஷவாயு முகமூடிப் பை, ஸ்மால் பாக்ஸ் ரெஸ்பிரேட்டர் என்பார்கள். 1916 ஆகஸ்டுக்கு அப்புறம்தான் அது படைகளுக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது, அதற்கு முன் ரசாயனத்தில் நனைத்த துணிமூடியைத் தலையோடு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆக கிறிஸ்துமஸ் யோசனையை விட்டுவிடுங்கள். தொப்பியைச் சுரண்டி, மாடல் புட்டி மாவில் துணித் தொப்பி வடித்து, பையை வெட்டி எடுத்து என்று மல்லுக்கட்டலாம்தான், ஆனால் நான்கு பேருக்கு அந்த வேலை பார்க்கிற நேரத்தில் இன்னொரு டையோராமாவே கட்டிவிடலாம்.

என் யோசனை 1916 நவம்பர், பிரான்சில் ஆங்கர் ஆற்றுப் பக்கம். ஜூலை 1 அன்று தொடங்கிய சோம் சண்டையின் கடைசிக் கட்டம் அது. முதல் நாளே பிடித்துவிடலாம் என்று நினைத்த போமோன்-ஹாமெல் கிராமம் நவம்பர் 13 அன்றுதான் கைக்கு வந்தது. இரும்புத் தொப்பி சரி, முகமூடிப் பை சரி, குளிருக்குத் தோல் சட்டை போட்டாலும் சரி, நீங்கள் ஆசைப்படும் சேறோ வேண்டிய மட்டும் உண்டு.

இப்போது மண். சோம் பகுதியில் மேலே மெல்லிய பழுப்பு மண், அதற்கடியில் வெள்ளைச் சுண்ணப்பாறை. தோண்டினால் வெள்ளையாகத்தான் வெளியே வரும். அந்தக் காலத்து வான்படங்களில் டிரெஞ்சுகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிவதற்கும், லா புவாசெல் ஊரில் சுரங்கத்தில் வைத்த வெடி பறித்த லாக்நாகர் பள்ளம் படங்களில் வெளுத்துத் தெரிவதற்கும் இதுதான் காரணம். மழையில் இந்தச் சுண்ணம் மேல்மண்ணோடு கலந்தால் சாம்பல் கலந்த ஒரு அழுக்கு வெள்ளைக் குழம்பாகும். இதையே பெல்ஜியத்தில் ஈப்ர் பக்கம் வைத்தால் கதை வேறு. அங்கே அடியில் நீலமும் சாம்பலும் கலந்த களிமண், மெசின் அருகே சுரங்கம் தோண்டியவர்கள் அந்த நீல மண்ணை எதிரி விமானத்தின் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. அங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும் என்பதால் பல இடங்களில் குழிக்குப் பதில் தரைமேல் மணல் மூட்டைச் சுவர்தான். நீங்கள் அடித்த சாக்லேட் பிரவுன் இந்த இரண்டில் எதிலும் சேராது.

அளவுக்கு வருவோம். ஸ்கேல் எடுத்து அளப்பதைவிட உங்கள் வீரனையே அளவுகோலாக வையுங்கள். 1/35இல் ஆள் உயரம் ஏறக்குறைய 49 மி.மீ. டிரெஞ்சின் தரையில் நின்றால் தொப்பி வெளியே தெரியக் கூடாது, ஆக தரையிலிருந்து முன்சுவரின் (எதிரிப் பக்கச் சுவரின்) உச்சி வரை 55 மி.மீ. இருக்கட்டும். முன்சுவரை ஒட்டி ஒரு படி வரும், அதில் ஏறி நின்றுதான் சுடுவார்கள். படியில் நிற்பவனின் தோளுக்குச் சுவர் வர வேண்டும், அதாவது படியிலிருந்து உச்சி வரை 39 மி.மீ. மீதமுள்ள 16 மி.மீ. படியின் உயரம். கடையில் விற்கும் ரெடிமேட் டிரெஞ்சுகள் பலவற்றில் இந்தக் கணக்கு உதைக்கும், படியில் ஏறியவன் இடுப்பு வரை வெளியே தெரிவான். அப்படி நின்றவன் அன்றைக்கு மாலையைப் பார்த்திருக்க மாட்டான். தரையின் அகலம் 26 மி.மீ. போதும், நிஜத்தில் மூன்றடிதான்.

இங்கேதான் ஒரு சிக்கல். இவ்வளவு ஆழமாக, இவ்வளவு குறுகலாக இருந்தால் பார்க்கிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. அகலத்தைக் கூட்டிக்கொள்ளத் தோன்றும், கூட்டாதீர்கள், அந்த நெருக்கடிதான் டிரெஞ்ச். அதற்குப் பதில் டிரெஞ்சைப் பலகையின் விளிம்புக்கு இணையாக ஓட விடாமல் மூலைவாட்டில் போடுங்கள். ஒரு முனையில் கத்தியால் நேராகச் சீவிய வெட்டு, அங்கிருந்து நீளவாக்கில் உள்ளே பார்க்க முடியும், மறுமுனையில் டிரெஞ்ச் சட்டென்று செங்கோணத்தில் திரும்பி மறைய வேண்டும். அந்தத் திருப்பம் அழகுக்காக இல்லை. ஒரு குண்டு உள்ளே விழுந்தால் சிதறல் நீளத்துக்கும் போகாமலிருக்க, பதினெட்டு முதல் முப்பது அடிக்கு ஒருமுறை மண்திட்டு விட்டுச் சுற்றிப் போவார்கள். ஏ4 பலகை நிஜத்தில் சுமார் பத்து மீட்டருக்கு ஏழு மீட்டர், ஆக ஒரு பகுதியும் ஒரு திருப்பமும் அளவாக அடங்கும். வெட்டு முகத்தில் மேலே ஒரு விரற்கடை பழுப்பு, கீழே முழுக்க வெள்ளை என்று காட்டிவிட்டால் இது சோம் என்று ஒரு போர்டு வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

முள்கம்பிக்கு இடம் போதவில்லை என்கிறீர்கள். போதாதுதான், போதவும் கூடாது. வேலியை டிரெஞ்சின் வாசலிலேயே போட்டால் எதிரி அதுவரை தவழ்ந்து வந்து கையெறி குண்டை உள்ளே போட்டுவிடுவான், அதனால் கை வீச்சுக்கு அப்பால்தான் போடுவார்கள். இருபது கஜம் என்று வைத்தாலே 1/35இல் 52 செ.மீ. வருகிறது, உங்கள் பலகையையே தாண்டிவிடும். கம்பி காட்டியே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஒரு மூலையில் ஒரு சுருளும், திருகு முனை வைத்த நாலைந்து இரும்புக் கழிகளும் சாய்த்து வையுங்கள். ராத்திரி கம்பி கட்டப் போகிறவர்களுக்கான சாமான் அது.

சரி, வெடிப்பு. களிமண் தண்ணீரை இழக்கும்போது சுருங்கும், ஃபெவிகாலும் காயும்போது சுருங்கும், அடியில் இருக்கும் தெர்மாகோலோ சுருங்காது. இழுபறியில் வெடிக்காமல் என்ன செய்யும்? களிமண்ணை விட்டுவிட்டு, சுவருக்குப் பூசும் வெள்ளைச் சிமென்ட் வால் புட்டி இரண்டு பங்கு, நைலான் வலையில் சலித்த ஆற்று மணல் ஒரு பங்கு, ஊறவைத்து அரைத்துப் பிழிந்த காகிதக்கூழ் ஒரு பங்கு எடுத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் கெட்டியாகக் குழையுங்கள். மணல் சுருங்காது, காகித நார் பிடித்து வைக்கும், புட்டியின் வெள்ளை நமக்கு இலவசமாகக் கிடைத்த சுண்ணம். கடல் மணலைத் தொடாதீர்கள், உப்புப் பூத்துவிடும். கொஞ்சம் மஞ்சள் காவியும் கறுப்பும் குழைக்கும்போதே சேர்த்துவிட்டால் பின்னால் எங்காவது பெயர்ந்தாலும் உள்ளே பளிச்சென்று தெரியாது. மேடு பள்ளம் எல்லாவற்றையும் தெர்மாகோலிலேயே செதுக்கி முடித்துவிட்டு, அதன் மேல் ஃபெவிகால் தண்ணீர் ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, இந்தக் கலவையை 3 மி.மீ.க்கு மேல் போகாமல் பூச வேண்டும். கனம் வேண்டுமென்றால் இரண்டு தடவை. வெயிலில் வைக்காதீர்கள், ஃபேனுக்கு நேராகவும் வேண்டாம். பிளைவுட்டின் அடிப்பக்கமும் வார்னிஷ் வாங்கியிருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகையே வளையும், அப்போது எந்தக் கலவையும் நிற்காது. இன்னொன்று, ஸ்பிரே பெயின்ட்டைத் தெர்மாகோல் வெளியே தெரியும் இடத்தில் அடித்தால் அது கரைந்து ஓட்டையாகிவிடும்.

மணல் மூட்டைகளை எம்-சீலில் செய்யலாம். நிரப்பிய மூட்டை நிஜத்தில் இருபது அங்குலம் நீளம், பத்து அகலம், ஐந்து உயரம், நமக்கு 14.5, 7, 3.6 மி.மீ. முக்கால்வாசிதான் நிரப்புவார்கள், அடித்துத் தட்டையாக்கிச் செங்கல் மாதிரி அடுக்குவார்கள், ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில், மேல்மூட்டை எப்போதும் இரண்டு கீழ்மூட்டைகளின் இணைப்பின் மேல். கட்டிய வாயும் தையலும் சுவருக்குள் போய்விட வேண்டும். கடைக்காரர் மூட்டை மாதிரி எல்லா வாயும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மாடல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். எம்-சீல் இறுகுவதற்குள் மெல்லிய மல் துணியை ஈரமாக்கி அழுத்தி எடுத்தால் சாக்கின் நெசவு விழும். அந்தச் சாக்கு வங்காளத்துச் சணல், கணிசமான பகுதி கல்கத்தா ஆலைகளிலேயே தைத்துப் போனது, ஆக நிறத்துக்கு நம் அரிசிக்கடைச் சாக்கையே பார்த்து அடிக்கலாம். புதுசு வைக்கோல் நிறம், மழையில் கிடந்தது சாம்பல் நிறம். எல்லா மூட்டைக்கும் ஒரே நிறம் வேண்டாம்.

டிரெஞ்சின் பக்கச் சுவரில் வைக்கும் நெளித்தகரத்துக்கு ஹோட்டல் பார்சல் வரும் அலுமினியப் பெட்டி அருமையான பொருள். நிஜத் தகரத்தில் அலைக்கு அலை மூன்று அங்குலம், நமக்கு 2 மி.மீ. சொச்சம். 2 மி.மீ. கனமுள்ள ஊதுவத்தி அடிக்குச்சிகளை அட்டையில் நெருக்கமாக வரிசையாக ஒட்டி, மேலே பெட்டியை வெட்டி வைத்து, பழைய பேனா முனையால் ஒவ்வொரு பள்ளமாக இழுங்கள். அது நாகப்பூச்சுத் தகரம், மங்கிய சாம்பல் நிறம். துரு ஆணித் துளையிலும் வெட்டு விளிம்பிலும் மட்டும் போதும், முழுத் தகரத்தையும் ஆரஞ்சாக்கிவிடாதீர்கள், போட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். தரைக்கு ஐஸ் குச்சியைப் பிளந்து நடைபலகை செய்யுங்கள், 50 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலம், இடைவெளி விட்ட குறுக்குச் சட்டங்கள். அது சேற்றின் மேல் மிதக்கிற மாதிரி வைக்காமல், தலைகீழ் ஆங்கில ‘A’ வடிவ மரச்சட்டத்தின் குறுக்குக்கட்டை மேல் உட்கார வையுங்கள். அந்தச் சட்டத்தின் இரண்டு கால்களும்தான் பக்கத்துத் தகரத்தைத் தாங்கும், பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடும்.

பெயின்ட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஆளும் தரையும் தனித்தனியாக அடித்தவை போலத் தெரியக் கூடாது. சீருடைக்கு மாடல் பெயின்ட்டுகளில் டாமியாவின் காக்கி எக்ஸ்.எஃப்-49 அல்லது வல்லேஹோவின் இங்கிலீஷ் யூனிஃபார்ம் நன்றாகப் பொருந்தும். உள்ளூர் அக்ரிலிக்கில் கலப்பதென்றால் மஞ்சள் காவியோடு பிரவுனும் துளி பச்சையும். சாமான் மாட்டும் நாடாப் பட்டைகள் அதைவிட வெளிறிய பச்சை கலந்த நிறம். மடிப்புகளுக்குக் கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) வேண்டாம், ரா அம்பர் ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் கரைத்து மடிப்பில் மட்டும் விடுங்கள். அப்புறம் தரைக்குக் குழைத்த அதே கலவையை மணல் இல்லாமல் நீர்க்கக் கரைத்து, பூட்ஸ், கெண்டைக்காலில் சுற்றிய பட்டி, கோட்டின் கீழ் விளிம்பு, முழங்கை, சுவரில் சாய்ந்தவனென்றால் முதுகு என்று பூசுங்கள். தோளிலும் தொப்பியிலும் அள்ளி அப்ப வேண்டாம். துப்பாக்கியின் நடுப்பகுதி சுத்தமாக இருக்கட்டும், அங்கே கேன்வாஸ் உறை சுற்றி வைத்திருப்பார்கள், சேறு புகுந்தால் சுட முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

ஈரம் என்பது நிறமும் பளபளப்பும் சேர்ந்தது. ஈரச்சேறு கறுத்து மின்னும், காய்ந்தது வெளுத்து மங்கும். அதனால் மொத்தத்துக்கும் மேட் வார்னிஷ் கொடுத்துவிட்டு, தண்ணீர் தங்கும் பள்ளத்தைச் சுற்றியும் பூட்ஸ் அடியிலும் மட்டும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ். தண்ணீருக்கு எபாக்ஸி ரெசின், ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் ஊற்றாதீர்கள், மொத்தமாக ஊற்றினால் வரும் சூட்டில் அடித் தெர்மாகோல் இளகும். அதில் தரையின் நிறத்தையே ஒரு துளி கலந்துவிடுங்கள், அந்தக் குட்டையில் அடி தெரியக் கூடாது. வெட்டு முகத்தில் டேப்பும் அட்டையும் வைத்து அடைக்காவிட்டால் விடியும்போது ரெசின் மேஜையில் இருக்கும். மழை நாளில் மேட் ஸ்பிரே அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

குப்பைக்கும் வேருக்கும் டீத்தூளையும் தேங்காய் நாரையும் தாராளமாகப் பயன்படுத்தலாம், டீத்தூளைக் கொதிக்கவைத்து அலசி நன்றாக உலர்த்திய பிறகு. இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். பெட்டியின் பின்பக்கம் இரண்டு சின்னத் துளை விட்டு உள்பக்கமாக மெல்லிய வலை ஒட்டிவிடுங்கள், கரப்பானுக்குக் காகிதக்கூழ் ரொம்பப் பிடிக்கும்.