சின்ன மோட்டார் சைக்கிளில் நண்பர்களோடு கேமரன் மலைக்குப் போகலாமா?

கேள்வி: "சுங்கை சிப்புட்டிலிருந்து எட்டுப் பேர் சனி, ஞாயிறு கேமரன் மலைக்கு மோட்டாரில் போகிறோம். மற்றவர்கள் எல்லாரும் 150, 250 சிசி. என்னிடம் பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5, 100 சிசி வண்டிதான் இருக்கிறது. மலை ஏறுமா?"

ஏறும். நானும் சுங்கை சிப்புட்காரன்தான். அதே மோட்டாரில் பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்கியிருக்கிறேன், ஏற முடியாமல் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் எஞ்சினின் இழுவையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் எண்ணெய் (பெட்ரோல்) அதிகம், காற்று குறைவு என்று கொஞ்சம் திணறவும் செய்யும். பின்னால் ஆள் ஏற்றாதீர்கள், பையைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஏறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவது இறங்குவதுதான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஏழு மோட்டார் போனோம். என்னுடையதுதான் சின்னது. சிம்பாங் பூலாய் வழியாக ஏறினோம். அகலமான சாலை, நல்ல தார், மோட்டார் ஓட்டத் தெரிந்த யாருக்கும் சிரமம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "வந்த வழியே போனால் என்ன சுவாரசியம்?" என்று ஒருவர் சொல்ல, தாப்பா பக்கம் பழைய சாலையில் இறங்கினோம். வெள்ளைக்காரன் காலத்தில் மலையைச் செதுக்கிப் போட்ட சாலை. தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை சுமார் 60 கிலோமீட்டர். நேராக ஒரு நூறு மீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ரிங்லெட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

எனக்கு முன்னால் ஐந்து பேர், பின்னால் ஒருவர். நடுவில் காய்கறி லோரி ஒன்று புகுந்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் தாண்டுவதற்குள் அவர்களுடைய பின்விளக்கு ஒன்றும் கண்ணில் இல்லை. பின்னால் வந்தவர் லோரிக்குப் பின்னாலேயே தங்கிவிட்டார். அங்கேதான் என் புத்தி கெட்டது. பிடித்துவிடலாம் என்று மூன்றாவது கியரிலேயே விட்டேன். வளைவுக்கு வளைவு கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். அந்த மோட்டாருக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிமானம் செத்துப்போகும். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. வலது பக்கம் திரும்பும் வளைவு ஒன்று. போகப் போக இறுகுகிற வளைவு. மிதித்தேன், மிதி கீழே போனதே தவிர வேகம் குறையவில்லை. ஓரத்தில் மூங்கில் இலையும் பாசியும். முன்சக்கரம் அதில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நான் இடது பக்கக் கால்வாயில் கிடந்தேன்.

முட்டி கிழிந்தது, வேறு ஒன்றுமில்லை. ஆனால் கியர் மிதி வளைந்து எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. கைப்பேசியில் கோடு ஒன்றுகூட இல்லை. சாலையோரம் பெத்தாய் என்ற காட்டு அவரைக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒராங் அஸ்லி (பூர்வகுடி) பெரியவர் ஒருவர் குடையோடு இறங்கி வந்தார். மோட்டாரைத் தூக்கி நிறுத்தினோம். கடைக்குப் போய் ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து, மிதிக்குள் நுழைத்து, ஒரே நெம்பு. கியர் விழுந்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அதனால் பத்து வெள்ளிக்குப் பெத்தாய் வாங்கினேன். லோரிக்குப் பின்னால் மாட்டியவர் வந்து சேர்ந்தபோது நான் முட்டியில் ரத்தத்தோடு பெத்தாய்க் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்த சிரிப்பை மறக்கவே முடியாது.

தாப்பாவில் ஒரு கடையில் மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) சொல்லி, அது ஆறியும் போயிருந்தது. முக்கால் மணி நேரமாகியும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று கிளம்பும்போது ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முட்டியைப் பார்க்கவில்லை. மோட்டாரின் பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்தனாவது கியரில் இறங்கினே?" என்று கேட்டார். தோட்டத்துச் செம்மண் மேட்டில் இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்க மோட்டார் இறக்கிய ஆள் அவர். பிரேக் பிடித்தால் பால் கொட்டும், கொட்டினால் கூலி போகும். அதனால் ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் அவருக்குத் தெரிந்த முறை. கேமரனுக்கும் அதுதான் சரி. மேட்டில் எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் கத்தும், கத்தட்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு தடவை பிடித்து விட்டுவிடுங்கள். வளைவுக்குள்ளே பிடிக்காதீர்கள். உங்கள் கூட்டத்தில் யாராவது கியர் மாற்ற முடியாத ஸ்கூட்டரில் வந்தால் அவருக்கு இந்த வசதி குறைவு. அவரை அவசரப்படுத்தவே கூடாது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் போமனிடம் (மெக்கானிக்கிடம்) விட்டு பிரேக் ஷூ, டயர், சங்கிலி மூன்றையும் பார்த்துவிடுங்கள். நான் அன்று பார்க்கவில்லை. தேய்ந்த ஷூவோடு போனது என் தப்பு.

வழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நாங்கள் இப்போது தலைகீழாகப் போகிறோம். சனிக்கிழமை விடியலில் ஈப்போ, கம்பார் வழியாகத் தாப்பா. அங்கே எண்ணெய் நிரப்பிக்கொண்டு பழைய சாலையில் ஏறுவது. இறுக்கமான வளைவுகளில் ஏறும்போது மோட்டார் தானாகவே வேகம் குறையும், தப்புப் பண்ணினாலும் மலை மன்னிக்கும். ஞாயிறு காலையில் பிரிஞ்சாங், கம்போங் ராஜா வழியாக அகலமான சிம்பாங் பூலாய் சாலையில் இறங்குவது. அதில் வேறு ஒரு பிசாசு உண்டு. சாலை நன்றாக இருப்பதால் 250 சிசி பையன்களுக்குக் கை அரிக்கும். ஆனால் பார்வைக்குத் தூரம் கிடைக்கும், ஒதுங்க இடமும் கிடைக்கும். முழுச் சுற்றும் சுமார் 260 கிலோமீட்டர். உங்கள் மோட்டாருக்கு ஆறு லிட்டர் எண்ணெய்கூட ஆகாது. டாங்கி சின்னது என்பதால் தானா ராத்தாவில் மறுபடி நிரப்பிவிடுங்கள்.

மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இறங்கும். அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம். பதினொரு மணிக்குள் மலையை விட்டு இறங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. அதோடு பிரிஞ்சாங்கில் வார இறுதியில் நெரிசலில் காடிகள் (கார்கள்) அசையாது. மேலே என்ன பார்ப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஸ்ட்ராபெரி எல்லாருக்கும் தெரியும். 1929-ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் காலையிலேயே போய்விடுங்கள். எங்களில் ஒருவனுடைய பாட்டி கேமரனில் கொழுந்து கிள்ளியவர். அதனால் அவன் ஒவ்வொரு தடவையும் அங்கே நின்று ஒரே படத்தை எடுப்பான். போவின் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் சந்து ஒற்றைச் சாலை, எதிரே காடி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். நம் மலேசியாவில் 1992-லிருந்து மோட்டாருக்குப் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம். எதிரே வருகிற காடிக்காரனுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்டது. நாங்கள் அதை இன்னொன்றுக்கும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொருவருக்கும் பொறுப்பு பின்னால் வருகிற ஒரே ஒரு விளக்குதான். கண்ணாடியில் அது கொஞ்ச நேரம் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் வளைவு இல்லாத இடத்தில், மண் சரிந்த அடையாளம் இல்லாத ஓரமாகப் பார்த்து நிற்க வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னால் போகிறவருடைய கண்ணாடியில் விளக்கு மறையும், அவரும் நிற்பார். இரண்டே நிமிடத்தில் தலையில் போகிறவர்வரை செய்தி போய்விடும், கைப்பேசி தேவையில்லை. இடையில் லோரி புகுந்தாலும் யாரும் விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, முன்னால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள் என்று தெரியும்.

கடைசியில் வருகிறவர் கூட்டத்திலேயே அனுபவம் அதிகமான ஆளாக இருக்கட்டும். அவர் பையில் ஸ்பேனர் சாவிகளும் டியூபும் முதலுதவிப் பெட்டியும் இருக்கட்டும். உங்களைப் போன்ற சின்ன மோட்டார் தலையாளுக்கு அடுத்து இரண்டாவதாகப் போக வேண்டும், கடைசியில் அல்ல. கூட்டத்தின் வேகத்தை அந்த மோட்டார்தான் வைக்கும். 250 வைத்திருப்பவருக்கு அது பிடிக்காது. கிளம்புவதற்கு முன்னால் தே தண்ணி குடிக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், மலையில் பேச நேரமிருக்காது. முகம் சுளிக்கிற ஆள் இருந்தால் அவர் தனியாகப் போய் பிரிஞ்சாங்கில் காத்திருக்கலாம், எங்களோடும் அப்படி ஒருவர் இருந்தார்.

குளிர்ச்சட்டை, மழைச்சட்டை இரண்டும் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். மழைச்சட்டையையே குளிருக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து நான் ஓர் இரவு முழுக்க நடுங்கியிருக்கிறேன்.

தாப்பா சாலையில் அந்தப் பெத்தாய் கடை இன்னும் இருக்கிறது. ஏறும் வழியில் இப்போதும் அங்கே நிற்போம். போன மாதமும் நின்றோம். பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேராகக் குனிந்து கியர் மிதியைப் பார்த்தார்.